பெட்ரோல் முள் தப்பாகக் காட்டினால் உடனே மீட்டரை மாற்றச் சொல்பவரிடம் உஷார்

பழைய அம்பாசிடர், பத்மினி கார் வைத்திருக்கும், பாலக்காடு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோபாலபுரம் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்ரோல் முள் சரியில்லை என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது, டேங்க் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் "மீட்டர் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். எனக்கு 10,300 ரூபாய் போனது. வண்டியோடு வந்த ஒரிஜினல் டேங்க் யூனிட்டும் (டேங்குக்குள் இருந்து பெட்ரோல் அளவை முள்ளுக்குச் சொல்லும் பாகம்) போனது. எல்லாம் மாற்றிக் கொடுத்த வண்டி, முள் காலுக்கு மேலே காட்டிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் இல்லாமல் ரோட்டில் நின்றது.

வண்டி மாமனார் ஓட்டிய அம்பாசிடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். மேற்கு வங்காளத்து உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் தயாரிப்பதை 2014-இல் நிறுத்திவிட்டார்கள். அதனால் ஒரிஜினல் பாகம் ஒன்று கையைவிட்டுப் போனால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். இது நமக்குத் தெரிவதைவிட ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கோளாறு என்னவென்றால், டேங்கை நிரப்பினாலும் முள் முக்காலைத் தாண்டாது. மழை நாட்களில் இன்னும் கொஞ்சம் இறங்கும். டிக்கியை ஓங்கிச் சாத்தினால் மேலே ஏறும். ஆனால் காலியாகும்போது மட்டும் ஒழுங்காக 'E'-யில் வந்து நிற்கும். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

நம் பக்கம் யாரும் கேரளப் பங்கில் டேங்கை நிரப்புவதில்லை. லிட்டருக்கு நாலைந்து ரூபாய் வித்தியாசம் இருக்கும்போது வேலந்தாவளம் தாண்டி, தமிழ்நாட்டுப் பங்கில்தான் எல்லோரும் போடுவோம். அதனால் எனக்கு முதலில் பங்க் மேல்தான் சந்தேகம் வந்தது. அளந்து காட்டச் சொன்னேன். எந்தப் பங்கிலும் வாடிக்கையாளர் கேட்டால் முத்திரை வைத்த 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்ட வேண்டும். 25 மில்லி வரை கூடக்குறைய இருக்கலாம், அதற்கு மேல் குறைந்தால் புகார் கொடுக்கலாம். பங்க் பையன் முகம் சுளிக்காமல் பிடித்துக் காட்டினான், கோட்டிலேயே நின்றது. சரி, கோளாறு வண்டியில்தான் என்று முடிவானது.

பாலக்காடு போகும் வழியில் இருக்கும் ஒர்க்‌ஷாப் அது. பெயரைப் போடவில்லை, அங்கே போனவர்களுக்குப் புரியும். முதலாளி நன்றாகத் தமிழ் பேசுவார், டீ வாங்கிக் கொடுப்பார். சாவியைத் திருப்பி முள்ளைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"மீட்டர் போச்சு சார். டேங்க் யூனிட்டும் போயிருக்கும். இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் எல்லாத்தையும் தின்னுடுது. டேங்க்கும் கழுவணும்."

எத்தனால் என்றதும் நாமும் தலையாட்டிவிடுகிறோம், ஏனென்றால் அதில் பாதி உண்மை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஓஸ், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் ஆகியவற்றைக் கெடுக்கும். ஈரத்தை இழுத்துக்கொண்டு டேங்கில் துருவையும் கூட்டும். ஆனால் டிக்கியைச் சாத்தினால் முள் ஏறுகிறது என்றால் அதற்கும் எத்தனாலுக்கும் சம்பந்தமே இல்லை. அதை நான் அவரிடம் சொல்லத்தான் செய்தேன். "அதெல்லாம் ஆடும் சார், பழைய வண்டி" என்று முடித்துவிட்டார்.

மீட்டர் 4,200, டேங்க் யூனிட் 2,800, டேங்க் கழுவ 1,500, கூலி 1,800. சென்னை புதுப்பேட்டை பழைய பாகச் சந்தையிலிருந்து வரவழைத்த ஒரிஜினல் சரக்கு என்றார். ரசீது என்று கொடுத்தது கோடு போட்ட நோட்டுத்தாளில் கிழித்த ஒரு துண்டு. பழைய சாமான்களைக் கேட்டதற்கு, "குப்பை சார், இரும்புக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார்கள்.

சில நாள் கழித்து கொழிஞ்சாம்பாறைக்கு வரும் வழியில், கள்ளுத் தென்னந்தோப்புகளுக்கு நடுவில், இருமிக்கொண்டே வந்து நின்றது வண்டி. முள் காலுக்கு மேலே இருந்தது. தோப்பிலிருந்து ஒருவர் வந்து டேங்க் மூடியைத் திறந்து காதை வைத்து, வண்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டு இல்லைங்க" என்றார். பைக் ஓட்டி வந்த ஒரு புண்ணியவான் பாட்டிலில் வாங்கி வந்து கொடுத்தார்.

அப்புறம்தான் பொள்ளாச்சியில் ஒரு பெரியவரிடம் போனேன். அம்பாசிடர் டாக்சி ஓடிய காலத்திலிருந்து ஒயரிங் வேலை பார்ப்பவர். அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், இதுதான் உங்களுக்கு வேண்டியது.

என்னை உள்ளே உட்காரவைத்துச் சாவியைப் போடச் சொன்னார். டேங்க் யூனிட்டில் இருக்கும் ஒயரைக் கழற்றினார், முள் 'E'-க்குப் போனது. அந்த ஒயரைச் சற்றுத் தள்ளிக் கொண்டுபோய் பாடியில் தொட்டார், முள் மெதுவாக 'F' வரை ஏறியது. உடனே எடுத்துவிட்டார், அதிக நேரம் தொட்டு வைத்தால் மீட்டர் சூடாகிக் கெட்டுவிடுமாம். "மீட்டரும் ஒயரும் நல்லா இருக்குதுங்க. குத்தம் டேங்க்ல, இல்லைன்னா எர்த்ல." எர்த் என்றால் யூனிட்டிலிருந்து வண்டித் தகரத்துக்குப் போகும் மின் இணைப்பு. மொத்தமே இரண்டு நிமிடம்தான். சில பழைய மாடல்களில் இது நேர் எதிராக வேலை செய்யும், கழற்றினால் ஏறும், தொட்டால் இறங்கும். எப்படி இருந்தாலும் முள் இரண்டு கோடிக்கும் போய்வந்தால் மீட்டர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். தொடும்போது பொறி வரும். அதனால் டேங்க் மூடி சாத்தியிருக்க வேண்டும், வெட்டவெளியில் செய்ய வேண்டும், பக்கத்தில் யாரும் பீடி பிடிக்கக் கூடாது.

அடுத்து பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு யூனிட்டை வெளியே எடுத்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது உங்க வண்டியுதே இல்லைங்களே." பெட்ரோலில் மிதக்கும் ஃப்ளோட் பிளாஸ்டிக், அதைத் தாங்கும் கம்பி குட்டை. டேங்கின் அடிவரை அது இறங்கவே இறங்காது. மல்டிமீட்டர் வைத்து யூனிட்டின் மின்தடையை அளந்து காட்டினார். இந்த மீட்டருக்கு, காலி டேங்கில் 240 ஓம் பக்கம் வர வேண்டும், நிறைந்தால் 30 பக்கம். இந்த யூனிட் கம்பியை எவ்வளவு கீழே இறக்கினாலும் 110-ஐத் தாண்டவில்லை. பிறகு முள் எப்படி 'E'-க்கு வரும்?

முதலில் இருந்த கோளாறைக் கேட்டுவிட்டு அவர் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. எர்த் சரியில்லை என்றால் கூடுதலாக ஒரு 30 ஓம் சேரும் என்று வையுங்கள். காலியில் 240-ஓடு 30 சேர்ந்தால் முள்ளில் பெரிதாக ஒன்றும் தெரியாது. நிறைந்திருக்கும்போது 30-ஓடு 30 சேர்ந்தால் இரட்டிப்பு, முள் முக்காலுக்கு இறங்கிவிடும். காலியில் சரி, ஃபுல்லில் குறைவு, ஆட்டினால் மாறுகிறது என்றால் முதலில் எர்த்தைப் பார்க்க வேண்டும். யூனிட்டின் ஸ்க்ரூவிலிருந்து ஒரு முழ ஒயர் இழுத்து, டிக்கித் தகரத்தில் பெயின்ட்டைச் சுரண்டி முடுக்கினால் தீர்ந்தது. நூறு ரூபாய் வேலை.

மீட்டர் கதை இதைவிட மோசம். ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முன் டாஷ்போர்டைப் போட்டோ எடுத்து அந்த முதலாளிக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். மீட்டர் கண்ணாடிக்குள்ளே, 'F'-க்குக் கீழே, ஒரு சின்ன எறும்பு செத்து ஒட்டிக் கிடக்கும். பெரியவர் டார்ச் அடித்தபோது பார்த்தேன், 4,200 ரூபாய் புது மீட்டருக்குள் அதே எறும்பு, அதே இடத்தில், காலை மடக்கிக்கொண்டு. கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் பளபளவென்று துடைத்திருக்கிறார்கள். டேங்க் கழுவிய லட்சணம், கீழே இருக்கும் ட்ரெயின் நட்டைத் திறந்ததும் செம்மண் குழம்பாகத் துரு வந்ததில் தெரிந்தது.

போட்டோவோடு போய்க் கேட்டேன். முதலில் "எல்லா மீட்டரும் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். எல்லா மீட்டரிலுமா எறும்பு இருக்கும் என்றதும், தன்னிடம் வேலை பார்க்கும் பையன் மேல் பழியைப் போட்டார். மீட்டர் காசும் கழுவிய காசும் ஜிபேயில் வந்தது. கூலியும் யூனிட் காசும் வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். முறையான பில் இல்லாததால் வாட்ஸ்அப் உரையாடலும் ஜிபே விவரமும்தான் கையில் இருக்கும் ஆதாரம். அதனால் வேலைக்கு விடும் முன் போட்டோ எடுங்கள், விலையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள், கழற்றும் சாமான் எனக்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒயர் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். அதற்கே சாக்குச் சொல்பவரிடம் வண்டியை விட வேண்டாம்.

இப்போதைக்குக் கம்பியை வளைத்து, பெரியவர் ஒருமாதிரி சமாளித்துக் கொடுத்திருக்கிறார். முள் அரைக்கு வந்தால் நான் பங்கைத் தேட ஆரம்பித்துவிடுகிறேன். மார்க் 4-க்கான பழைய டேங்க் யூனிட், பித்தளை ஃப்ளோட்டோடு, யாரிடமாவது இருந்தால் விலை சொல்லுங்கள். பொள்ளாச்சியோ கோயம்புத்தூரோ, நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். மல்டிமீட்டர் கையோடு கொண்டுவருவேன், தப்பாக நினைக்க வேண்டாம்.