ஆட்டிசம்: ஏட்டை எண்ணுவதா, பிள்ளைகளை எண்ணுவதா?

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 150 பிள்ளைகளில் ஒருவருக்கு ஆட்டிசம், அதாவது பிறரோடு பழகுவதையும் பேசுவதையும் பாதிக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு. 2022 கணக்கில் அது 31-க்கு ஒருவர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எந்தப் பெற்றோருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

கணக்கெடுப்பது சிடிசி என்ற அரசு அமைப்பு. அது பிள்ளைகளை நேரில் பார்ப்பதில்லை. தேர்ந்தெடுத்த பகுதிகளில் எட்டு வயதுப் பிள்ளைகளின் மருத்துவக் கோப்புகளையும் சிறப்புக் கல்விப் பதிவுகளையும் புரட்டுகிறது. ஏட்டில் ஏறாத பிள்ளை கணக்கிலும் ஏறாது. 2022-இல் டெக்சஸின் லரேடோவில் ஆயிரத்துக்கு 9.7 பேர், கலிபோர்னியாவில் கணக்கெடுத்த பகுதியில் 53.1 பேர். ஒரே நாட்டுக்குள் ஐந்து மடங்கு! பிள்ளைகள் அவ்வளவு வேறுபடுவார்கள் என்று நான் நம்பவில்லை. கண்டறியும் வசதிதான் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. போதாததற்கு, 2018 கணக்கிலிருந்து எண்ணும் முறையையே மாற்றிவிட்டார்கள்.

பெற்றோரிடம் கேட்டு எடுக்கும் அமெரிக்கக் கருத்தாய்வும் உண்டு. "டாக்டர் சொன்னாரா?" என்பதுதான் அதிலும் கேள்வி. ஆக, அதே குறை.

தென் கொரியாவின் கோயாங் நகரில் வேறு வழியில் போனார்கள். ஒரு பகுதியில் 7 முதல் 12 வயது வரையிலான சுமார் 55,000 பிள்ளைகளை இலக்காக வைத்து, பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் வினாத்தாள் கொடுத்து, ஐயத்துக்குரிய பிள்ளைகளை நேரில் பரிசோதித்தார்கள். 2011-இல் வெளிவந்த முடிவு 2.64 சதவீதம். அதில் மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் ஆட்டிசம் என்று யாரும் கண்டறியாமல், எந்த உதவியும் இல்லாமல் சாதாரணப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். இதைப் படிக்கும்போது மனசு கனக்கிறது. ஆனால் இது ஒரு தடவை எடுத்த புகைப்படம் மாதிரி. கூடுகிறதா குறைகிறதா என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது.

அதற்கு ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வுதான் சரியான வழி என்பேன். இரட்டைப் பிள்ளைகளின் பெற்றோரிடம், பத்து ஆண்டுகளில் எந்த ஆண்டில் பிறந்த பிள்ளையானாலும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். ஆட்டிச அறிகுறிகளின் அளவு ஏறவே இல்லை. அதே காலத்தில் அந்நாட்டு நோயாளர் பதிவேட்டில் மட்டும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. டென்மார்க்கில் 1994-இல் ஆட்டிசத்தின் வரையறை மாறியது. 1995-இல் புறநோயாளிகளையும் பதிவேட்டில் சேர்த்தார்கள். 1980-91-இல் பிறந்தவர்களிடம் கண்ட உயர்வில் 60 சதவீதத்தை இந்த இரண்டுமே விளக்கிவிடுகின்றன. மீதி 40-ஐத் தள்ளிவிட முடியாது, அதையும் தேடத்தான் வேண்டும்.

சிடிசி கணக்கு வீண் என்று சொல்ல வரவில்லை. ஓர் ஊருக்கு எத்தனை சிறப்பு ஆசிரியர்கள் தேவை என்பதற்கு ஏடுதான் உதவும். அப்புறம், அந்த ஏட்டிலேயே ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. நெடுநாளாக வெள்ளையினப் பிள்ளைகளைவிடக் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளின் விகிதம் குறைவாகவே பதிவாகி வந்தது. 2020 கணக்கில் அது தலைகீழானது. முன்பு விடுபட்ட பிள்ளைகள் இப்போது கண்ணில் படுகிறார்கள்.