சத்தம் இடப்பக்கம், கோளாறு வலப்பக்கம்: 2006 மாடல் காரும் ஓர் ஆடிக் காற்றும்

என்னிடம் இருப்பது 2006 மாடல் பெட்ரோல் கார். முன்சக்கர இழுவை, ஐந்து கியர். வீடு தாராபுரத்தில், வேலை பொள்ளாச்சியில். உடுமலை வழியாக வாரம் மூன்று தடவை போய்வருகிறேன். மீட்டர் 1,62,000 கி.மீ. காட்டியபோது ஆரம்பித்த தொல்லை இது. சரியாகி 14 மாதம், 19,000 கி.மீ. ஓடிய பிறகுதான் எழுதுகிறேன். ரிப்பேர் முடிந்த அன்று எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும்.

முதலில் குறைந்தது இழுவை. நாலாவது கியரில் மிதித்தால் வண்டி முக்கித் திணறியது. அப்போது ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலைப் பக்கம் எப்படி அடிக்கும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை காற்றாலைகளை அங்கே நட்டதே அதற்காகத்தான். மேற்கே போகும்போது எதிர்காற்று, அதனால் திணறுகிறது என்று இருந்துவிட்டேன். ஆடி பாதியில்தான் உறைத்தது. சாயங்காலம் காற்று பின்னாலிருந்து தள்ள, கிழக்கே திரும்பி வரும்போதும் அதே முக்கல்.

கூடவே இரண்டு சத்தங்கள். வீட்டுச் சந்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் முன்பக்கம் ‘டக் டக் டக்’. நேர் ரோட்டில் 50-ஐத் தாண்டினால் ‘ஊம்ம்’ என்று ஓர் இரைச்சல். மூன்றும் சேர்ந்து வந்ததால் ஒரே நோய் என்று நினைத்தேன். ஒர்க்‌ஷாப்பிலும் அதையே சொன்னார்கள். “ஆக்ஸில் போயிருச்சுங்க, ரெண்டு பக்கமும் மாத்திரலாம்.” எஞ்சின் விசையை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டுதான் ஆக்ஸில். மாற்றினார்கள், 9,400 ரூபாய். டக் டக் நின்றது. இரைச்சலும் முக்கலும் அப்படியே இருந்தன.

ஆக்ஸில் பழுது பொய்யில்லை. இடது ஆக்ஸில் சக்கரத்தோடு சேரும் வெளி ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், கிழிந்து, கருப்பு கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கம் முழுக்கத் தெறித்திருந்தது. கிரீஸ் போய் மண் புகுந்தால் உள்ளே குண்டுகள் ஓடும் தடம் தேய்ந்து பள்ளமாகிவிடும். வளைவில் இழுக்கும்போது குண்டு பள்ளத்தில் விழுந்து ஏறும் ஓசைதான் அந்த டக் டக். ஆனால் தேய்ந்த ஜாயின்ட் சத்தம் போடுமே தவிர, வண்டியைப் பிடித்து நிறுத்தாது. வலது ஆக்ஸிலை மாற்றியிருக்கவே வேண்டாம். அந்தப் பணம் இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் பொள்ளாச்சியில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. “ஏனுங்க தம்பி, நியூட்ரல்ல உட்டுப் பாத்தீங்களா?” என்றார்.

சமதளத்தில் 40-ல் போய் நியூட்ரலுக்குத் தள்ளினோம். பின்னால் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல வண்டி சீக்கிரமே நின்றது. கிளட்ச் வழுக்கினால் எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. ஆனால் நியூட்ரலில் நன்றாக உருளும். இது அதுவல்ல. இறங்கி முன்சக்கரங்களுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகச் சொன்னார். இடது வெதுவெதுப்பு. வலது தோசைக்கல். ஸ்டியரிங் வலப்பக்கம் இழுக்கிறதே என்று இரண்டு தடவை அலைன்மென்ட் பார்த்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிடித்த பிரேக் விடவேயில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பெரிய பாடம். ஜாக்கி போட்டு வலது சக்கரத்தைக் கையால் சுற்றினார், அசையவில்லை. சக்கரத்துக்குப் பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸின் மேல்முனையில், இரும்புக் குழாய் சேரும் நட்டைத் தளர்த்தினார். அப்போதும் இறுக்கம்தான். பிறகு கீழே, பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிபரில், ஆயிலை வெளியே விட இருக்கும் ப்ளீடர் ஸ்க்ரூவைத் தளர்த்தினார். காப்பி நிறத்தில் பிரேக் ஆயில் பீய்ச்சியது. சக்கரம் லேசாகச் சுற்றியது. “காலிபர் நல்லாத்தானுங்க இருக்குது. ஹோஸுதான் உள்ளுக்குள்ள ஊதிக்கிச்சு.” வெளியே ஒரு வெடிப்புகூட இல்லாத ரப்பர். பெடலை மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் உள்ளே போய்விடுகிறது, திரும்பி வர வழியில்லை. அதனால்தான் மேலே தளர்த்தியும் விடாத சக்கரம், கீழே தளர்த்தியதும் விட்டது.

இரைச்சலும் அங்கிருந்துதான். சூட்டில் வலது வீல் பேரிங்கின் கிரீஸ் காய்ந்திருந்தது. ஓடும்போது லேசாக இடப்பக்கம் ஒடித்தால் கனம் வலது சக்கரத்தில் ஏறி இரைச்சல் கூடியது, நேராக்கினால் குறைந்தது. டயர் சத்தம் என்றால் ரோட்டுக்கு ரோடு மாறியிருக்கும்.

முன்பக்க ஹோஸ் இரண்டும், பேரிங், பிரேக் பேட், புது ஆயில் எல்லாம் சேர்த்து 4,100 ரூபாய். 12-க்கு இறங்கியிருந்த மைலேஜ் 16-க்குத் திரும்பியது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு, 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் நாலு பேரோடு இரண்டு தடவை ஏறிவிட்டேன். திருப்பத்தில் சத்தமில்லை, ஏற்றத்தில் திணறலில்லை.

குறை ஒன்று உண்டு. புது ஆக்ஸிலோடு வந்த இடது பூட்டின் மடிப்புகளில் அதற்குள் மயிரிழை வெடிப்பு தெரிகிறது. கிரீஸ் இன்னும் வெளியே வரவில்லை. அடுத்த ஆயில் மாற்றும்போது பூட்டை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஈரம் இழுக்கும் என்பதால் பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னார்; அதற்கு வரும் ஆவணியில் தேதி வைத்திருக்கிறேன்.