இல்லத்தைச் சீர்செய்வதா, வாசலைச் சீர்செய்வதா? குழந்தைகள் இல்லங்களுக்கு முன்னுள்ள நான்கு வழிகள்

குழந்தைகள் இல்லம் ஒன்றில் நடந்த கொடுமை வெளியே வந்துவிட்டால், உடனே எழும் குரல் எந்த ஊரிலும் ஒன்றுதான்: ஆய்வைக் கடுமையாக்கு, உரிமத்தை ரத்து செய். கோபம் நியாயமானதே. ஆனால் இருக்கிற கொஞ்சப் பணத்தையும் ஆட்களையும் முதலில் எதில் போடுவது என்பதைக் கோபம் சொல்லித் தராது.

வழக்கமாக முன்வைக்கப்படும் யோசனைகள் நான்கு. கண்காணிப்பை இறுக்குவது, பெரிய இல்லங்களைச் சிறு வீடுகளாகப் பிரிப்பது, பராமரிப்பாளர்களுக்காகச் செலவிடுவது, எந்தக் குழந்தை உள்ளே வரலாம், எப்போது வீடு திரும்பலாம் என்று முடிவெடுக்கும் முறையைத் திருத்துவது. இந்தக் கடைசி வழியைத்தான் வாசல் என்கிறேன். நான்கும் தேவைதான் என்று சொல்லி நழுவிவிடலாம். எதை முதலில் செய்வது என்று கேட்டால்தான் விவாதமே தொடங்கும்.

ஆய்வும் உரிமமும்

இதன் பலம் வேகம். ஓர் உத்தரவு போதும், செலவும் குறைவு. பதிவு என்ற ஒன்று இல்லாவிட்டால் எத்தனை இல்லங்கள் இருக்கின்றன என்பதே தெரியாது. ஆகவே இது அடிப்படை, விட்டுவிட முடியாது.

பலவீனம், ஆய்வு எதைப் பார்க்கிறது என்பதில் இருக்கிறது. எண்ணக்கூடியதைத்தான் அது பார்க்கும்: கட்டில், கழிப்பறை, தீயணைப்புக் கருவி, கையெழுத்துப் போட்ட பதிவேடு. இரவில் பயந்து விழிக்கும் குழந்தை யாரைக் கூப்பிடுகிறது என்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும் ஆய்வுக்குச் சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டிருக்கும், குழந்தைகள் காப்பாளர் முன்னிலையில் "நல்லா இருக்கோம்" என்பார்கள்.

இதே வழியில் உருப்படியான ஒரு வடிவம் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, இல்லத்தோடு தொடர்பில்லாத ஒருவர் மாதம் ஒருமுறையாவது ஒவ்வொரு குழந்தைகள் இல்லத்துக்கும் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அரசு ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் வருவது இதற்குத் தனி. மாதாமாதம் போகிறவர் திரும்பத் திரும்ப வருகிற முகமாக ஆகிவிட வாய்ப்பு உண்டு. முதல் தடவை பார்க்கும் அதிகாரியிடம் எந்தக் குழந்தையும் மனம்விட்டுப் பேசாது, நாலைந்து முறை பார்த்தவரிடம் பேசக்கூடும். படிவத்தில் இன்னும் இருபது கேள்விகளைச் சேர்க்கும் பணத்தை இப்படி ஒருவருக்குக் கொடுப்பது மேல். புகார்ப் பெட்டியைக் காப்பாளர் அறை வாசலில் மாட்டி வைப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல!

சிறு வீடுகளா, நிலையான ஆட்களா

இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிறு வீடுகள் படத்தில் அழகாக இருக்கும், நன்கொடையாளர்களுக்குப் பிடிக்கும். உடன்பிறந்தவர்களை ஒன்றாக வைக்கலாம், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு பழகலாம். ஆனால் எட்டுக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் மூன்று ஷிஃப்டில் மாதாமாதம் புதுப்புது ஆட்கள் வந்து போனால், அது சிறிய அளவிலான பெரிய இல்லம்தான். இரவில் ஒரே ஒரு பெரியவர் மட்டும் இருக்கும் வீட்டில் அவரை யார் கண்காணிப்பது என்ற கேள்வியும் உண்டு.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மூன்று குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஆராய்ச்சி இந்த இடத்தில் மிகவும் உதவுகிறது. அதன் முடிவுகள் 2008இல் வெளியாயின. ஒரு காப்பகத்தில் எதையும் மாற்றவில்லை. இன்னொன்றில் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். மூன்றாவதில் பயிற்சியோடு அமைப்பையும் மாற்றினார்கள்: குழுக்களைச் சிறிதாக்கினார்கள், ஒரு குழுவுக்கு அதே சிலர்தான் பொறுப்பு என்றாக்கினார்கள், குழந்தைகளை வயதுக்கு ஏற்பக் குழு மாற்றிக்கொண்டே இருப்பதை நிறுத்தினார்கள். மூன்றாவது காப்பகத்துக் குழந்தைகள்தான் உடல் வளர்ச்சியிலும் மன வளர்ச்சியிலும் தெளிவாக முன்னேறினார்கள். பயிற்சி மட்டும் கொடுத்த இடத்தில் பலன் குறைவு.

யோசித்துப் பார்த்தால், அங்கே புதுக் கட்டடம் எதுவும் எழவில்லை. மாறியது பணி நேர அட்டவணையும் யாருக்கு யார் என்ற ஏற்பாடும்தான். ஆகவே சிறு வீட்டின் நன்மை சுவரில் இல்லை, அதே சில பெரியவர்கள் தொடர்ந்து இருப்பதில் இருக்கிறது. அதற்குத் தேவை நல்ல சம்பளம், தாங்கக்கூடிய வேலை நேரம், வேலையை விட்டுப் போகாத ஆட்கள். ஆண்டுதோறும் திரும்பி வரும் இந்தச் செலவில் கல்வெட்டில் பெயர் பொறிக்க இடமில்லை. பயிற்சிப் பட்டறை மட்டும் எங்கும் தாராளமாக நடப்பதற்கும் காரணம் இதுதான்: சான்றிதழ் கொடுத்து, புகைப்படம் எடுத்து, ஒரே நாளில் முடித்துவிடலாம்.

வாசல்

பெற்றோரில் ஒருவரோ நெருங்கிய உறவினரோ உயிரோடிருக்கும் குழந்தைகள் ஏராளமானோர் உலகெங்கும் இல்லங்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டது அநேகமாக வறுமை, நோய், குழந்தையின் உடல் குறைபாடு, பள்ளிச் செலவு. 2009இல் ஐ.நா. பொதுச்சபை வரவேற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிமுறைகள் இரண்டு கேள்விகளை முன்னால் வைக்கின்றன. இந்தக் குழந்தையைப் பிரிப்பது உண்மையிலேயே அவசியமா? அவசியம் என்றால், இந்த இடம் இவனுக்கோ இவளுக்கோ பொருத்தமா? வறுமை மட்டுமே பிரிப்பதற்குக் காரணமாகக் கூடாது என்றும், தற்காலிகமாகச் சேர்த்த குழந்தையின் நிலையை முடிந்தவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் அவை சொல்கின்றன.

நடைமுறையில் இது எங்கே உடைகிறது? சேர்க்கலாமா என்று முடிவெடுப்பது அந்த இல்லமே என்றால், காலியாக இருக்கும் கட்டில்தான் முடிவெடுக்கும். குழந்தை ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் வருமானால், ஒரு குழந்தையை வீட்டுக்கு அனுப்புவது இல்லத்துக்கு நஷ்டம். கெட்ட மனிதர்கள் தேவையில்லை, இந்தக் கணக்கே போதும். ஆகவே இல்லத்துக்கு வெளியே, "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரத்தோடு ஒரு குழு இருக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தையின் கோப்பையும் தேதி தவறாமல் எடுத்துப் பார்க்கும் சமூகப் பணியாளரும், அவர் கையில் தாங்கக்கூடிய எண்ணிக்கையில் கோப்புகளும் இருக்க வேண்டும். (கோப்புகளுக்கு மென்பொருள் வாங்குவதை ஐந்தாவது வழியாகச் சிலர் சொல்வார்கள். படிக்க ஆள் இல்லாத கோப்பு கணினியில் இருந்தால் என்ன, அலமாரியில் இருந்தால் என்ன.)

கைக்குழந்தைகள் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு (தத்தெடுக்காமல் தங்களோடு வைத்து வளர்ப்பவர்களுக்கு) அனுப்பித் தொடர்ந்து கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள், இரண்டு வயதுக்குள் போனவர்கள் பலவற்றில் அதிகமாகத் தேறினார்கள். நகரில் வளர்ப்புக் குடும்பங்கள் அநேகமாக இல்லை என்பதால் ஆராய்ச்சிக் குழுவே அவற்றைத் தேடிப் பயிற்றுவித்தது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களைக் காப்பகத்தில் சேர்ப்பதை ருமேனியா 2004இல் சட்டத்தாலேயே கட்டுப்படுத்தியது.

வளர்ந்த பிள்ளைகள் விஷயம் அவ்வளவு நேர்க்கோடு அல்ல. 2009இல் வெளியான ஓர் ஆய்வு, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக ஐந்து நாடுகளில் 6 முதல் 12 வயது வரையிலான ஆதரவற்ற குழந்தைகளை ஒப்பிட்டது. இல்லங்களில் இருந்தவர்கள் ஊரில் குடும்பங்களோடு இருந்தவர்களைவிட மோசமாக இல்லை. இல்லங்களே மேல் என்று இதற்குப் பொருள் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிவது வேறு: எந்த உதவியும் இல்லாத வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால் அது பராமரிப்பு ஆகாது. வாசலை இறுக்கும் வழியின் பெரிய ஆபத்தும் இதுவே. குடும்பத்துக்கு மாதாந்தரப் பணம், உறவினருக்கு ஆதரவு, வளர்ப்புக் குடும்பம் என்று ஏதும் கையில் இல்லாமல் கதவை மட்டும் சாத்தினால், அந்தக் குழந்தை பதிவு செய்யாத ஓர் இல்லத்துக்குத்தான் போகும்.

ஆகவே என் வரிசை இது: முதலில் வாசலும் அதோடு சேர்ந்த குடும்ப உதவியும், அடுத்து நிலையான பராமரிப்பாளர்கள், பிறகு திரும்பத் திரும்ப வரும் பார்வையாளர். கட்டடம் கடைசி. பதிவே செய்யாத இல்லங்கள் நிறைந்த இடத்தில் மட்டும் உரிமம் முதலுக்கு வர வேண்டும்.

பணம் ஒதுக்குபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது ஒன்று உண்டு. வாசல் சரியாக வேலை செய்தால் எளிதில் வீடு திரும்பக்கூடிய பிள்ளைகள் முதலில் போய்விடுவார்கள். மிஞ்சுபவர்கள் அதிகக் கவனிப்புத் தேவைப்படுபவர்கள். கட்டில்கள் பாதி காலியாகி, குழந்தை ஒன்றுக்கான செலவு ஏறியிருக்கும். ஆண்டறிக்கையைப் பார்க்கிறவருக்கு அது தோல்வியாகத் தெரியும், ஒதுக்கீட்டைக் குறைக்கவும் கை நீளும். அந்த எண் ஏன் ஏறும் என்பதை முதல் ஆண்டுத் திட்டத்திலேயே எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.