மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் கடை: நம்பி ஆதாரைக் கொடுக்கலாம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்பாவின் ஓய்வூதிய வேலைக்காக நான் போகும் சின்ன ஜெராக்ஸ் கடை இது. பிரிண்ட் தெளிவு, விலை நியாயம். அதைவிடப் பெரிய விஷயம் வேறு.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆதார், பான், பாஸ்புக் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்ததும் கடைக்கார அக்கா நம் கண்ணெதிரே அழிக்கிறார். கணினியில் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, "போன்லயும் எடுத்துட்டேன், பாத்துக்கோ தம்பி" என்று காட்டுகிறார். கோணலாக விழுந்த நகலைக் கிழித்துத்தான் குப்பையில் போடுகிறார். வேறொரு கடையில் யாருடைய ஆதார் நகலின் பின்பக்கத்திலோ எனக்குக் கணக்கு எழுதித் தந்தார்கள். அந்தப் பெரியவரின் பிறந்த தேதி வரை படிக்க முடிந்தது. கோபமாக வந்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாங்கிய நோக்கம் முடிந்ததும் தரவை அழிக்கச் சொல்கிறது. பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, படிப்படியாகத்தான் அமலாகும். இந்த அக்கா அதற்காகக் காத்திருக்கவில்லை.

குறை என்றால், எல்லாருடைய கோப்பும் ஒரே வாட்ஸ்அப் எண்ணுக்குப் போகிறது. பென் டிரைவ் கொண்டுபோனால் நல்லது. அப்புறம், கேட்கும் இடம் ஏற்றுக்கொண்டால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரை இறக்கிக் கொடுங்கள். அதையும் இந்த அக்காவே எடுத்துத் தருகிறார்.