மேற்தெளிப்பா, அடித்தெளிப்பா: கொழும்புக் காற்றில் பெலட் பூச்சு

பாய்மப் படுகையில், அதாவது கீழிருந்து வீசும் காற்று துகள்களை மிதக்கவிடும் இயந்திரத்தில், மருந்துப் பெலட்டுகளுக்கு (சிறு உருண்டைகளுக்கு) நீர்க்கரைசலால் பூச்சிடும்போது, கரைசலைத் தெளிக்கும் தூவியை மேலே பொருத்துவதா, கீழே பொருத்துவதா என்ற கேள்விக்குக் கொழும்பில் விடை தேடுபவர், உள்ளே இழுக்கப்படும் காற்றின் ஈரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மேற்தெளிப்பில் துளிகள் எழும் காற்றை எதிர்த்து இறங்குகின்றன. வழியிலேயே ஓரளவு உலர்ந்துவிடும் துளி, பெலட்டின் மேல் பரவாமல் சிறு புடைப்பாக உறைவதால் பூச்சில் நுண்துளைகள் மிகுகின்றன. முற்றாக உலர்ந்தவை தூளாகி வடிகட்டிப் பையில் ஒட்டிக்கொள்கின்றன. தூளைக் குருணைகளாக்குவதற்கும் உருக்கிய மெழுகுப் பூச்சுக்கும் இது போதுமானது.

1950களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேல் வுர்ஸ்டர் உருவாக்கிய அடித்தெளிப்பில், நடுக்குழாய்க்குள் பெலட்டும் துளியும் ஒரே திசையில் எழுகின்றன. துளி கடக்கும் தூரம் குறைவு. ஆகவே அது ஈரம் குன்றாமல் படிந்து, பரவி, பக்கத்துத் துளியோடு இணைகிறது. மருந்தை மெல்ல வெளிவிடும் படலத்துக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன். குழாயின் அடி இடைவெளியைச் சரிசெய்வது மட்டும் பொறுமையைச் சோதிக்கும் வேலை.

30 பாகை செல்சியசும் 75% சார் ஈரப்பதனும் உள்ள நம்மூர்க் காற்றின் ஒவ்வொரு கிலோவிலும் ஏறத்தாழ 20 கிராம் நீராவி இருக்கும். அதை 60 பாகைக்குச் சூடாக்கினால் சார் ஈரப்பதன் 16% அளவுக்கு இறங்கினாலும், நீராவியின் அளவு குறைவதில்லை. அந்தக் காற்று பூச்சை உலர்த்தி 40 பாகையில் வெளியேறும்போது அதன் சார் ஈரப்பதன் 60 சதவீதத்தை நெருங்கும். முன்னரே கிலோவுக்கு 8 கிராம் நீராவியாகும் அளவுக்கு ஈரம் நீக்கிய காற்றாயின் 35 சதவீதத்தோடு நின்றுவிடும். காற்று ஈரமாக இருந்தால் பெலட்டுகள் மெல்லக் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

முன்பு நான் பணிபுரிந்த ஒரு தொழிற்சாலையில், பெப்ரவரியில் வகுத்த தெளிப்பு வேகத்தையே மே மாத மழையிலும் வைத்திருந்தோம். அடித்தெளிப்பு இயந்திரத்தைத் திறந்தபோது, குழாய்க்கு வெளியே மெதுவாக இறங்கும் பகுதியில் பெலட்டுகள் எள்ளுருண்டைபோல் திரண்டிருந்தன. வெப்பத்தைக் கூட்டினோம், திரள்வது நின்றது, ஆனால் பூச்சு மண்தாள்போல் சொரசொரத்தது. தெளிப்பு வேகத்தைக் குறைத்து, துளியைச் சிறிதாக்கத் தூவியின் காற்றமுக்கத்தைச் சற்றே உயர்த்திய பின்னர்தான் படலம் வழவழப்பானது. அமுக்கத்தை மேலும் கூட்டியிருந்தால் பெலட்டுகள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்திருக்கும்.

ஈரநீக்கி இல்லாத கூடத்தில் மேற்தெளிப்பு பாதுகாப்பானது என்பார் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை: அங்கும் பெலட்டுகள் திரளத்தான் செய்யும், படலமோ அடித்தெளிப்பின் தரத்தை எட்டாது. ஈரநீக்கி வாங்கும்வரை அடித்தெளிப்பிலேயே வேகத்தைக் குறைத்து, ஒரு தொகுதிக்குக் கூடுதலாகச் சில மணிநேரம் ஒதுக்குவதே மேல்.