லாட்டரி எண் கணிப்புச் செயலி: சந்தா கட்டலாமா?

லாட்டரியில் ஜெயிக்கும் வாய்ப்பைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டிப் பயன்படுத்திப் பார்த்தேன். ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுக்கிறேன். அதுவும் ஒரே ஒரு வசதிக்காக.

திறந்ததும் 1 முதல் 49 வரை கட்டம் கட்டமாக எண்கள். அடிக்கடி விழுந்தவை சிவப்பு, ரொம்ப நாளாக விழாதவை நீலம். நீல எண்ணைத் தொட்டால் 'இனி வர வேண்டிய எண்' என்று காட்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அடிப்படையே தப்பு. போன குலுக்கலில் எது விழுந்தது என்பது எண் எழுதிய பந்துக்குத் தெரியாது. 49-ல் 6 எண் எடுத்தால் மொத்தம் 1,39,83,816 சேர்க்கைகள். எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்புதான். இந்த வண்ணக் கட்டத்துக்கு மாதாமாதம் காசு வாங்குவது அநியாயம்.

அடுத்தது 'சக்கரம்'. 8 எண்களைக் கொடுத்தால் அவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்து 28 சீட்டு போட்டுத் தருகிறது. 'வாய்ப்பு 28 மடங்கு' என்கிறார்கள். உண்மைதான். ஆனால் கைக்கு வந்தபடி 28 வெவ்வேறு சீட்டு வாங்கினாலும் முதல் பரிசுக்கு அதே 28 மடங்குதான், செலவும் 28 மடங்கு. அதிகச் சீட்டு வாங்குவதைத் தவிர அந்த வாய்ப்பைக் கூட்ட வேறு வழி கிடையாது. 1992-ல் ஸ்டீபன் மாண்டல் என்பவரின் குழு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில லாட்டரியில் செய்தது இதைத்தான். அங்கே 44-ல் 6 எண், அதனால் சேர்க்கைகள் 70 லட்சத்துச் சொச்சம். சீட்டு ஒரு டாலர், பரிசோ 2 கோடியே 70 லட்சம் டாலர். சுமார் 50 லட்சம் சீட்டு வாங்கி ஜெயித்தார்கள். பரிசு அந்த அளவுக்கு ஏறியிருந்ததால்தான் கட்டுப்படியானது. நம்மைப் போல ஒன்றிரண்டு சீட்டு வாங்குபவர்களுக்கு அது ஒத்துவராது.

சரி, அந்த ஒரு நட்சத்திரம் எதற்கு? எல்லா எண்களையும் 31-க்குள் போட்டால், 'பலரும் பிறந்தநாளை வைத்து எடுக்கும் எண்கள்' என்று எச்சரிக்கிறது. அவற்றைத் தவிர்ப்பதால் ஜெயிக்கும் வாய்ப்பு அதிகமாகாது. ஆனால் ஜெயித்தால் பங்குபோட ஆள் குறைவாக இருப்பார்கள். 2022 அக்டோபரில் பிலிப்பைன்ஸ் லாட்டரி ஒன்றில் 9, 18, 27, 36, 45, 54 விழுந்தது. ஒன்பதாம் வாய்ப்பாடு! அதே எண்களை எடுத்திருந்த 433 பேர் முதல் பரிசைப் பிரித்துக்கொண்டார்கள்.

இந்த எச்சரிக்கை இலவசப் பதிப்பிலேயே வருகிறது, சந்தா தேவையில்லை. ஏற்கெனவே கட்டியிருந்தால், நிறுத்தும் பொத்தான் கணக்குப் பக்கத்தில் இல்லை. உதவிப் பகுதிக்குள் போய்க் கடைசிவரை தள்ளிப் பாருங்கள், அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கிறது.