ஆர்மா 3 + ஏஸ் மாட்: ஸ்னைப்பர் பக்கம் மட்டும், நீண்ட நாள் ஆடிப் பார்த்த ரிவ்யூ

"ரியலிஸ்டிக் புல்லட்" என்று கெத்தாகப் போட்டு விற்கிற கேம்கள் பலவற்றில் தோட்டா தூரம் போகப் போகக் கீழே இறங்கும், அவ்வளவுதான். பப்ஜியில் இறக்கமும் பயண நேரமும் உண்டு, காற்று கிடையாது. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் அதுவும் இல்லை. அதன் ஸ்னைப்பர் துப்பாக்கியான ஏடபிள்யூபியை அழுத்திய கணமே முடிவு தெரிந்துவிடும். ஸ்னைப்பர் எலீட் 5-இல் காற்றும் உண்டு, ஆனால் உதவிக் குறிகளை அணைத்துவிட்டு ஆடினால்தான் அதன் ருசி தெரியும்.

2013-இல் வந்த ராணுவ கேமான ஆர்மா 3-ம் மாட் (கேமோடு பின்னால் சேர்க்கும் கூடுதல் நிரல்) இல்லாமல் ஆடினால் காற்றைக் கணக்கில் எடுக்காது. ஸ்டீம் ஒர்க்‌ஷாப்பில் இலவசமாகக் கிடைக்கும் ஏஸ் மாட் போட்டால்தான் ஆட்டமே மாறும். கூடவே, ஏஸ் இயங்கத் தேவையான சிபிஏ மாட் கட்டாயம். மாட் ஏறிவிட்டது என்று நேராக மேட்சுக்குப் போய்விடக் கூடாது. காற்றையும் வானிலையையும் கணக்கிடும் ஏஸின் அட்வான்ஸ்டு பலிஸ்டிக்ஸ் பகுதி தானாக இயங்காது. ஆட்‌-ஆன் ஆப்ஷன்ஸில் போய் இயக்க வேண்டும். பிறர் சர்வரில் ஆடினால் அங்கே அது இயங்குகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டு "காத்துக்கு ஒண்ணுமே நகரலையே" என்று புலம்புகிறவர்கள் நிறைய.

இனி கணக்கு. ஆளின் உயரம் 1.8 மீட்டர். ஸ்கோப்பில் அவன் 2.25 மில் (மில் என்பது கோண அளவு; 1000 மீட்டர் தூரத்தில் ஒரு மில் ஒரு மீட்டர்) உயரம் தெரிந்தால், 1.8-ஐ 1000-ஆல் பெருக்கி 2.25-ஆல் வகுங்கள்: 800 மீட்டர். 7.62 நேட்டோ ரகத்தில் 175 கிரெய்ன் எடையுள்ள தோட்டா அவ்வளவு தூரம் போக ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும். 100 மீட்டருக்கு ஜீரோ செய்த, அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே படும் துப்பாக்கி என்றால் ஸ்கோப்பைச் சுமார் 9 மில் ஏற்ற வேண்டும். ஒரு கிளிக் 0.1 மில், 800 மீட்டரில் அது 8 சென்டிமீட்டர். பேஜ் அப் கீ ஒவ்வொரு கிளிக்காக ஏற்றும், ஷிஃப்டோடு அழுத்தினால் பெரிய படி.

சொதப்புவது பெரும்பாலும் தூரத்தில்தான். அதே ஆளை 2.5 மில் என்று படித்துவிட்டால் கணக்கு 720 மீட்டர் என்று வரும். கால் மில் பிசகு சின்னதாகத் தெரியும். தோட்டா ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, நெஞ்சுக்கு வைத்த குறி காலடி மண்ணைக் கிளப்பும். ஆள் லேசாகக் குனிந்திருந்தாலும் உயரம் குறைந்து தூரம் கூடுதலாகக் காட்டும். ஆளை நம்பாமல் கதவு, வண்டி மாதிரி அளவு மாறாத பொருளை அளப்பது மேல். லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் கையில் இருந்தால் இந்தப் பேஜாரே இல்லை, ஆனால் பல மிஷன்களில் கொடுக்க மாட்டார்கள். நடக்கிற ஆள் என்றால் ஒன்றரை விநாடியில் இரண்டு மீட்டர் தள்ளிப் போயிருப்பான்; அதையும் கணக்கில் எடுத்து அவனுக்கு முன்னே குறி வைக்க வேண்டும்.

காற்றை அளக்க கேமில் கெஸ்ட்ரல் என்ற கைக்கருவி உண்டு. "மச்சி, எண்ணூறு. காத்து லெஃப்ட்லேர்ந்து நாலு" என்று ஸ்பாட்டர் (கூட இருந்து தூரமும் காற்றும் பார்த்துச் சொல்பவர்) சொன்னால், குறுக்கே வீசும் விநாடிக்கு 4 மீட்டர் காற்று, குறியை இடப்பக்கம் ஏறக்குறைய 2 மில் வைக்க வேண்டும். கெஸ்ட்ரல் காட்டுவது நீங்கள் நிற்கும் இடத்துக் காற்றை மட்டும்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

குறியைக் கணக்கிட்டுத் தரும் கேமின் ஏட்ராக் கணிப்பானில் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் எல்லாம் கேட்கும். தண்டையார்பேட்டையில் வெளியே 38 டிகிரி கொளுத்துகிறதே என்று அதைப் போட்டால் வேலைக்காகாது. மேப்பில் கெஸ்ட்ரல் சொல்வதுதான் கணக்கு. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, தோட்டா சற்று மேலே படும். புழுக்கத்தில் காற்று கனமாக இருப்பதாக நமக்குத் தோன்றும், உண்மையில் நீராவி கலந்த காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது. ஆனால் ஈரப்பதத்தால் வரும் வித்தியாசம் மிகச் சின்னது, அதைத் திருத்த நேரம் செலவழிக்க வேண்டாம். வெப்பநிலையும் அழுத்தமும்தான் எண்ணை நகர்த்தும். தோட்டா மருந்தின் சூட்டால் முகப்பு வேகம் (குழலை விட்டுத் தோட்டா கிளம்பும் வேகம்) மாறுவதைக்கூட ஏஸ் கணக்கிடுகிறது.

குறை என்றால், ஆர்மா பிராசஸரின் ஒரு கோரையே பிழிந்தெடுக்கும். ஆள் கூடிய சர்வரில் நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தும் ஃபிரேம் விழும், ஸ்கோப் திக்கித் திக்கி நகரும். வியூ டிஸ்டன்ஸைக் குறைத்தால் சரியாகும், ஆனால் எட்டத்தில் இருப்பவன் கண்ணில் படமாட்டான். மிஷனில் எவ்வளவு தூரம் சுட வேண்டியிருக்குமோ அதைவிடக் கொஞ்சம் கூட வைத்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலை ஒட்டி ஆடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆர்மாவில் மூச்சை அடக்க வலது பட்டனை அழுத்தியே பிடிக்க வேண்டும். உப்புக் காற்றில் மவுஸ் சுவிட்சின் தகடு கறுத்துப்போனால் பிடித்திருக்கும்போதே விட்டுவிட்டுத் தொடும். மூச்சு கலையும், ஸ்கோப் ஆடும். அதை கேம் கோளாறு என்று செட்டிங்ஸை நோண்டாமல், மவுஸைத் திறந்து கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் சுவிட்சை மாற்றிவிடலாம். சால்டரிங் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை.